ஆல்பத்தில் வாள் இல்லை: வீட்டுப் படங்களில் ஒரு டாரட் கட்டு

தரையில் நான்கு காகிதங்களை விரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு பெயர் எழுதி வைத்திருந்தோம்: கோப்பை, கோல், நாணயம், வாள். பக்கத்தில் எட்டு ஆல்பங்களும் இரண்டு அட்டைப்பெட்டி நிறைய உதிரிப் படங்களும். ஒவ்வொரு படமாக எடுத்துப் பார்த்து, அது எந்தக் குவியலுக்குப் போகும் என்று நானும் அக்காவும் முடிவு செய்ய வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கோப்பைக் குவியல் சரியத் தொடங்கிவிட்டது. கோலும் நாணயமும் சுமார். வாள் என்று எழுதிய காகிதத்தில் ஒரே ஒரு படம் கிடந்தது. அதுவும் யாரோ தும்மப் போகிற நேரத்தில் எடுத்தது.

நாங்கள் செய்ய நினைத்தது 78 சீட்டுகள் கொண்ட ஒரு முழு டாரட் கட்டு; ஓவியங்களுக்குப் பதிலாக எங்கள் வீட்டு மனிதர்கள். டாரட்டைத் தொட்டுப் பார்க்காதவர்களுக்காக ஒரு சிறு விளக்கம். இது குறி பார்க்கப் பயன்படுத்துகிற படச் சீட்டுக்கட்டு. கட்டின் முதல் பகுதி மேஜர் அர்கானா, 0 முதல் 21 வரை 22 சீட்டுகள். முட்டாளில் தொடங்கி உலகத்தில் முடியும். மீதி 56 மைனர் அர்கானா. சாதாரணச் சீட்டுக்கட்டைப் போலவே நான்கு இனம்; ஒவ்வொன்றிலும் ஏஸ் முதல் பத்து வரை, அதற்கு மேல் ஏவலன், குதிரைவீரன், ராணி, ராஜா என்று நான்கு அரசவைச் சீட்டு. கோப்பை என்றால் உறவு, உணர்ச்சி. கோல் என்றால் வேகம், முயற்சி. நாணயம் என்றால் உடல், பொருள், வேலை. வாள் என்றால் யோசனை, வாக்குவாதம், பிரிவு, தூக்கம் வராத இரவு. வாளுக்கு மொத்தம் பதினான்கு சீட்டு வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஒரு தும்மல்.

யோசனை அக்காவுடையது. பல வருடமாக டாரட் பார்க்கிறாள், தோழிகளுக்கு விரித்துச் சொல்வாள். எனக்குப் பக்க வடிவமைப்புத் தொழில். வரப்போவதைச் சீட்டு சொல்லும் என்பதில் அவளுக்குப் பாதி நம்பிக்கை, எனக்கு அந்தப் பாதியும் கிடையாது. ஆனால் அப்பா போய் மூன்று வருடம் ஆகியும் வீட்டில் சில பேச்சுகள் தொடங்கவே இல்லை. "கவிழ்த்து வைத்த சீட்டிலிருந்து ஒன்றை எடுத்தால் பேசுவதற்கு ஒரு சாக்காவது கிடைக்கும்" என்று அவள் சொன்னதுதான் என்னை இழுத்தது. சரி, அட்டை வெட்டுகிற வேலை என்னுடையது என்று சேர்ந்துகொண்டேன். உடல்நலம், ஆயுள் பற்றி இந்தச் சீட்டுகளிடம் கேட்பதில்லை என்று முதல் நாளே பேசி வைத்துக்கொண்டோம். அந்த ஒன்றை இன்றுவரை மீறவில்லை.

விஸ்கோந்தி வீட்டுச் சீட்டுகள்

குடும்பத்தைச் சீட்டில் ஏற்றுவது புதிதில்லை. டாரட் 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில் ஒரு விளையாட்டாகத்தான் பிறந்தது. குறி பார்க்கிற பழக்கம் பரவியதெல்லாம் 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பிரான்ஸில். 1781இல் கூர் த ஜெபலென் என்பவர் இது பண்டை எகிப்தின் ஞானம் என்று ஆதாரம் எதுவும் இல்லாமல் எழுதி வைத்தார். அந்தக் கதை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இன்று கிடைப்பவற்றில் மிகப் பழைய கட்டுகள் மிலானை ஆண்ட விஸ்கோந்தி, ஸ்ஃபோர்ஸா குடும்பங்களுக்காகத் தங்கம் ஒட்டிக் கையால் வரைந்தவை. சீட்டுகளில் அந்த வீட்டுச் சின்னங்கள் இருக்கின்றன. பெண் போப் சீட்டில் இருப்பவர் விஸ்கோந்திகளின் உறவினரான மைஃப்ரெடா என்றும், 1300இல் எரித்துக் கொல்லப்பட்ட அவருடைய நினைவு அங்கே ஒளிந்திருக்கிறது என்றும் ஒரு கருத்து உண்டு.

அந்தக் கட்டுகளில் ஓரளவு முழுமையாகத் தப்பியது ஒன்று. அதில் 74 சீட்டுகள் இருக்கின்றன: 35 நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில், 26 பெர்காமோவின் அக்காதேமியா கர்ராராவில், 13 ஒரு தனியார் குடும்பத்திடம். இல்லாத நான்கு எவை என்று பாருங்கள்: சாத்தான், கோபுரம், வாள் மூன்று, நாணயக் குதிரைவீரன். தொலைந்தனவா, சிலவற்றை வரையவே இல்லையா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதிடுகிறார்கள். பட்டியலைப் படித்ததும் அக்கா சிரித்துவிட்டாள். எங்களிடமும் சாத்தான் இல்லை, கோபுரம் இல்லை, வாள் மூன்று இல்லை. நாணயக் குதிரைவீரனுக்கு மட்டும் அத்தை மகன் இருந்தான்.

முகத்தை மறைத்த ஓவியர்

ஆல்பத்தில் வாள் இல்லாததற்குக் காரணம் எளிது. சண்டை போடும்போது யாரும் கேமராவைத் தேடுவதில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரை "கொஞ்சம் இப்படிப் பாருங்கள்" என்று சொல்வதில்லை. பிறந்தநாள், திருமணம், சுற்றுலா, புதுச் சட்டை. ஆல்பம் நிரம்புவது இவற்றால்தான். அதை வைத்து டாரட் செய்தால் 78 சீட்டிலும் எல்லோரும் சிரிப்பார்கள். சிரிக்கிற கட்டை விரித்து எதைப் பேசுவது?

முதலில் ஒரு குறுக்குவழி பார்த்தோம். சோகச் சீட்டுகளுக்கு மருமகளை நடிக்க வைத்துப் புதிதாகப் படம் எடுத்தோம். அக்காவின் மகளுக்குப் பன்னிரண்டு வயது. படுக்கையில் எழுந்து உட்கார்ந்து முகத்தைச் சுளித்தாள், நெற்றியில் கை வைத்தாள். ஒன்பது படம் எடுத்துவிட்டு மூவரும் விழுந்து விழுந்து சிரித்தோம். ஒன்றும் தேறவில்லை.

விடை 1909ஆம் வருடக் கட்டில் இருந்தது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் எழுதியதை வைத்து பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து, லண்டனில் ரைடர் நிறுவனம் வெளியிட்ட கட்டு அது. அதற்கு முன் பெரும்பாலான கட்டுகளில் மைனர் சீட்டுகள் வெறும் எண்ணிக்கைதான்: ஐந்து கோப்பை என்றால் ஐந்து கோப்பை வரைந்திருக்கும். ஸ்மித் ஒவ்வொன்றுக்கும் ஒரு காட்சி வரைந்தார். அந்த வேலை முடிந்ததும் "பெரிய வேலை, காசு ரொம்பக் கம்மி" என்கிற பொருளில் ஒரு கடிதம் போட்டார். கடிதம் போனது ஒரு புகைப்படக் கலைஞருக்கு, ஆல்ஃபிரட் ஸ்டீக்லிட்ஸுக்கு. புகைப்படங்களுக்கென்றே நடத்தி வந்த தன் காலரியில் 1907இல் ஸ்மித்தின் ஓவியங்களை வைத்தவர் அவர். எங்கள் வேலைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, ஆனாலும் எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஸ்மித்தின் பதினான்கு வாள் சீட்டுகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தபோதுதான் கவனித்தேன். இரண்டு: கண்ணைக் கட்டிய பெண். மூன்று: மனிதரே இல்லை, ஒரு இதயமும் மூன்று வாளும் மழையும் மட்டும். ஆறு: படகில் போகிறார்கள், நமக்குத் தெரிவது முதுகு. எட்டு: மறுபடியும் கட்டிய கண். ஒன்பது: படுக்கையில் எழுந்து உட்கார்ந்து இரு கையாலும் முகத்தைப் பொத்தியிருக்கிறார். பத்து: விழுந்து கிடப்பவரின் முகம் அந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது. கோப்பை ஐந்திலும் எட்டிலும்கூட அப்படித்தான். ஒருவர் போர்வைக்குள் தலை குனிந்து நிற்கிறார், ஒருவர் முதுகு காட்டி நடக்கிறார். துக்கம் வருகிற இடத்திலெல்லாம் ஸ்மித் முகத்தை எடுத்துவிடுகிறார். நாங்களோ ஆல்பத்தில் துக்கமான முகத்தைத் தேடிக்கொண்டிருந்தோம்.

அதற்குப் பிறகு தேடிய இடம் மாறியது. ஆல்பத்தை மூடி வைத்துவிட்டு, ஆல்பத்தில் ஒட்டத் தகுதியில்லை என்று பெட்டியில் போட்டிருந்த படங்களுக்குப் போனோம். ஆடிப்போனவை, தலை வெட்டுப்பட்டவை, கிளிக் செய்த பிறகு யாரோ திரும்பிக்கொண்டவை. ரயில் ஜன்னலில் தெரிகிற ஒரு தோள்பட்டை வாள் ஆறு ஆனது. குழந்தையாக இருந்த நான் மேசைக்கடியில் உட்கார்ந்திருக்க, மேலே பெரியவர்களின் கால்கள் மட்டும் தெரிகிற படம் வாள் எட்டு. தும்மல் படத்தையும் விடவில்லை. கை முகத்தை மறைக்கிறது, கண் இறுக்கி மூடியிருக்கிறது, வாள் ஒன்பதாக அது பொருந்திப் போனது. தும்மல் என்று தெரிந்தவர்கள் நாங்கள் இருவர்தான். இப்போது நீங்களும்.

வாள் மூன்று கடைசி வரை கிடைக்கவில்லை. ஒரு நாள் அக்கா பழைய ஆல்பத்தின் ஒரு பக்கத்தைத் திறந்து என் முன் வைத்தாள். ஒட்டியிருந்த படத்தைப் பிய்த்து எடுத்த இடம். நான்கு மூலையிலும் முக்கோண ஒட்டுத்தாள் அப்படியே இருந்தது, நடுவில் பசைக்கறை, கிழிந்த கறுப்புக் காகிதம். யார் படம் என்று எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும். அந்தப் பக்கத்தையே ஸ்கேன் செய்தோம்.

பெரிய முகம் எங்கே போகலாம்

மேஜர் அர்கானாவின் முதல் வரைவில் அம்மாதான் பேரரசி. நல்ல படம், தோட்டத்தில் நிற்கிறார். வீட்டு பிரிண்டரில் எடுத்த தாளை வைத்துச் சோதனையாக மூன்று சீட்டு விரித்தோம். பேரரசி வந்தது. அடுத்த முக்கால் மணி நேரம் அம்மாவைப் பற்றியே பேசினோம்: அந்தத் தோட்டம், அந்தச் சேலை, அம்மாவின் முட்டி வலி. அக்கா கேட்க வந்த கேள்வி வேலை மாறுவதைப் பற்றியது. அதை இருவருமே மறந்துவிட்டோம்.

இதைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஒரு பழைய பரிசோதனை. 1948இல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்களுக்கு "உங்கள் குணம்" என்று ஆளுக்கொரு தாள் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று 5க்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26. எல்லோருக்கும் கொடுத்தது ஒரே தாள்தான். பெரும்பாலும் ஒரு ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்த வரிகள். டாரட் ஓவியமும் இப்படித்தான் வேலை செய்கிறது என்பது என் எண்ணம். யாரென்று தெரியாத ஒரு ராணி, அவள் மடியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அம்மாவின் முகம் அந்த இடத்தை அடைத்துவிடுகிறது. அது அம்மாதான், வேறு யாரும் ஆக முடியாது.

அதனால் ஒரு விதி வைத்தோம்: பெரிய முகம் அரசவைச் சீட்டுகளில் மட்டும். அந்தப் பதினாறையும் மனிதர்களாகப் படிப்பது டாரட்டில் ஏற்கனவே உள்ள பழக்கம். மேஜர் சீட்டுகளில் கை, முதுகு, பொருள், அறை. பேரரசி இப்போது அம்மாவின் கைகள், மண் ஒட்டிய விரல்களோடு. மரணம், சாத்தான், கோபுரம் மூன்றிலும் மனித உருவமே கிடையாது. மரணச் சீட்டுக்குப் பொதுவாகச் சொல்கிற பொருள் ஒரு கட்டத்தின் முடிவு. நாங்கள் வைத்தது வீடு காலி செய்த அன்று எடுத்த வெற்று அறை. கோபுரத்துக்கு, ஃபிலிம் ரோலின் முதல் படம்: பாதி வெளிச்சம் புகுந்து வெந்து போயிருந்தது.

பதினாறு பேரிடமும் நேரில் அனுமதி கேட்டோம். இதைத் தவிர்க்கப் பார்க்காதீர்கள். சித்திக்கு வாள் ராணி என்று சொன்னதும், "எனக்கு எதுக்குடி வாளு? நான் யாரை வெட்டினேன்?" என்று எகிறினார். அக்கா பொறுமையாக விளக்கினாள்: நிறையப் பார்த்தவள், யாருக்கும் பூசி மெழுகிப் பேசாதவள், அவளிடம் போனால் உண்மை கிடைக்கும். சித்தி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு வேறு படம் கொடுத்தார், சிரிக்காத படம். கட்டிலேயே அழகான சீட்டு இன்று அதுதான்.

அப்பாவுக்குத்தான் படம் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டுப் படங்களில் முக்கால்வாசி அவர் எடுத்தவை, ஆகவே அவர் அவற்றில் இல்லை. பெட்டியின் அடியில் ஒன்று அகப்பட்டது. இரவு நேரம், ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கமிருந்து வெளியே எதையோ எடுக்கப் பார்த்திருக்கிறார். வெளியே ஒன்றும் பதியவில்லை. கண்ணாடியில் ஃபிளாஷ் ஒரு வெள்ளை வட்டமாக வெடித்திருக்க, அதன் பின்னால் ஒரு ஆள் நிற்பது மங்கலாகத் தெரிகிறது. மேஜர் அர்கானாவின் ஒன்பதாம் சீட்டு துறவி; ஸ்மித்தின் துறவி இருட்டில் விளக்கைத் தூக்கிப் பிடித்து நிற்பார். அந்தச் சீட்டுக்கு அதற்கு மேல் தேடவில்லை. அம்மாவிடம் காட்டியபோது கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "கண்ணாடி முன்னாடி நின்னு எடுக்காதீங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்" என்றார்.

வெட்டும்போது யார் வெளியே

டாரட் சீட்டின் வழக்கமான அளவு 70 × 120 மில்லிமீட்டர். மெலிந்து உயர்ந்த வடிவம். குடும்பப் படமோ பெரும்பாலும் படுக்கைவாக்கில் இருக்கும். 3:2 அளவுள்ள படத்திலிருந்து இந்த வடிவத்தில் ஒரு துண்டு எடுத்தால் அகலத்தில் ஐந்தில் மூன்று பங்கு வெளியே போய்விடும். திருமணக் குழுப்படத்தில் ஐந்தில் மூன்று பங்கு என்றால் எத்தனை பெரியம்மாக்கள் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். கோப்பைச் சீட்டுகளை வெட்டிய வாரம்தான் எங்களுக்குள் அதிக வாக்குவாதம் நடந்தது.

தெளிவு பற்றி: அச்சுக்கு 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) என்றால் ஒரு சீட்டுக்கு 827 × 1417 பிக்சல் வேண்டும். பழைய படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால், அசலில் 35 × 60 மில்லிமீட்டர் இடத்தை வெட்டினாலே அந்த அளவு கிடைக்கிறது. சின்னப் படத்திலிருந்து ஒரே ஒரு ஆளை எடுக்கலாம் என்று அர்த்தம். சிக்கல் புதுப் படங்களில்தான். செய்தி ஆப் வழியாக வந்த படங்கள் பெரும்பாலும் சுருங்கியே வருகின்றன. அதில் முகத்தை மட்டும் வெட்டினால் 400 பிக்சல் அகலம், அதாவது சுமார் 145 டிபிஐ, மாவாகத் தெரியும். அசல் ஃபைலைக் கேட்டு வாங்குங்கள். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடேயே ஸ்கேன் செய்யுங்கள். அசல் படத்தை வெட்டுவதைப் பற்றி நினைக்கவே வேண்டாம்.

நிறத்தில் ஒரு தவறு செய்தேன். கறுப்பு வெள்ளை, சிவப்பேறிய பழைய கலர், பளிச்சென்ற போன் படம் எல்லாவற்றையும் ஒன்றாகக் காட்ட மொத்தத்தையும் பழுப்பாக்கினேன். "எல்லாரும் செத்துப்போன மாதிரி இருக்கு" என்றாள் மருமகள். அன்றைக்கே பழைய ஃபைல்களுக்குத் திரும்பிவிட்டேன். அந்தந்தப் படம் அதனதன் நிறத்தில் இருக்கிறது, கீழே எண்ணும் பெயரும் உள்ள பட்டை மட்டும் இனத்துக்கு ஒரு நிறம்.

நார் போகும் திசை

கட்டு மூன்று முறை தோற்றது. பளபளப்பான ஃபோட்டோ தாளில் எடுத்த முதல் கட்டு, கலைக்கும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, வளைத்த இடத்தில் வெடித்தது. இரண்டாவதை 125 மைக்ரான் பையில் லேமினேட் செய்தோம். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) அட்டை ஏறத்தாழ 0.35 மில்லிமீட்டர், இரு பக்கமும் படலம் சேர்ந்து 0.6. பெருக்கினால் 78 சீட்டுக்கு 47 மில்லிமீட்டர் உயரம். ஒரு கையில் பிடிக்க முடியவில்லை. பிடித்தாலும் வழுக்கி ஓடியது.

மூன்றாவது தோல்விதான் எனக்குப் பாடம். மெல்லிய மேட் படலம் ஒட்டிய அட்டைக்கு மாறி, ஏ4 தாளில் எப்படி அடுக்கலாம் என்று யோசித்தேன். நான்கு சீட்டைக் குறுக்காக ஒரு வரிசையும், இரண்டை நெடுக்காக ஓரத்திலும் வைத்தால் ஆறு சீட்டு அடங்குகிறது. 78ஐ ஆறால் வகுத்தால் 13 தாள், மிச்சமே இல்லை. என் சாமர்த்தியத்தை அக்காவிடம் இரண்டு முறை சொன்னேன். வெட்டி முடித்து ஒரு வாரம் அலமாரியில் வைத்திருந்து எடுத்தால், 52 சீட்டு ஒரு விதமாகவும் 26 சீட்டு வேறு விதமாகவும் வளைந்திருந்தன. காகிதம் தயாராகும்போது அதன் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படிகின்றன. ஈரம் ஏறும்போது நாருக்குக் குறுக்கேதான் அதிகம் விரியும், நாரின் போக்கில்தான் எளிதாகச் சுருளும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கியதால் சீட்டுகளில் நார் இரண்டு திசையில் ஓடியது. கண்ணை மூடிக்கொண்டு விரலாலேயே பிரித்துவிடலாம். பத்து வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை.

கடைசியில் தாளுக்கு நான்கு, எல்லாம் ஒரே திசையில், 20 தாள். அப்படிச் செய்தால் இரண்டு சீட்டுக்கு இடம் மிஞ்சும். முன்பக்கம் வெறுமையாக விட்டு, பின்பக்கத்தை மட்டும் அச்சடித்து வைத்துக்கொண்டோம். பின்பக்கத்துக்கு எடுத்தது, பாதிப் படங்களில் எல்லோருக்கும் பின்னால் தொங்குகிற அந்தப் பழைய திரைச்சீலையின் பூ. மேல் பாதியைத் தலைகீழாகத் திருப்பிக் கீழ் பாதியாக வைத்தேன். சீட்டு நேராக இருக்கிறதா தலைகீழா என்று பின்பக்கம் காட்டிக்கொடுக்காது. அச்சடித்த இடத்தில் பின்பக்கத்தை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி அடித்துவிட்டார்கள். வெள்ளை ஓரம் விட்டிருந்தால் அசிங்கமாகத் தெரிந்திருக்கும், பூ முழுத் தாளுக்கும் ஓடியதால் தப்பித்தோம். மூலைகளை மூன்று மில்லிமீட்டர் வளைவு வெட்டும் கருவியால் உருட்டினோம். 320 மூலை. கை வலித்தது.

பயன்பாட்டில்

வாரம் ஒருமுறை அக்கா மூன்று சீட்டு எடுக்கிறாள். குறிப்பிட்ட ஒரு சீட்டு அதில் வருவதற்கு 26இல் ஒரு வாய்ப்பு. ஆக, வருடத்துக்கு இரண்டு தடவை துறவி வருவார். இதை முன்கூட்டியே யோசிக்காதது எங்கள் பிழை. ஆல்பத்தை எப்போது திறப்பது என்று நாம் முடிவு செய்கிறோம். சீட்டு அப்படியில்லை. மூன்று வருடம் கழித்து இது எங்களுக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. முதல் வருடத்தில் செய்திருந்தால் வேண்டாம் என்றே சொல்லியிருப்பேன், வேறு யாராவது கேட்டாலும் அதையே சொல்கிறேன்.

எதிர்பார்த்த பேச்சுகளில் சில தொடங்கின, சில இன்னும் இல்லை. வாள் மூன்று இதுவரை ஒரே தடவை வந்தது. மருமகள்தான் எடுத்தாள். "இந்த இடத்துல யாரு இருந்தாங்க?" என்று கேட்டாள். அக்கா என்னைப் பார்த்தாள், பிறகு அவளுக்குச் சொன்னாள். நானும் அன்றுதான் கேட்டேன்.

எட்டு மாதம் கழித்து, வாள் குதிரைவீரனாக இருந்த பெரியப்பா மகன் போன் செய்தான். "அக்கா, அந்தக் கட்டுல என் முகம் வேண்டாமே." காரணம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. அடுத்த நாள் அவனே ஒரு படம் அனுப்பினான்: சுவரில் சாய்த்து வைத்த அவன் சைக்கிள், ஆள் இல்லை. மிஞ்சிய இரண்டு வெற்றுச் சீட்டில் ஒன்றை எடுத்து, படத்தைத் தனித்தாளில் அச்சடித்து முன்பக்கம் ஒட்டினேன். பார்வைக்கு வித்தியாசமில்லை. ஒட்டியதால் கொஞ்சம் தடிமன் கூடிவிட்டது, கலைக்கும்போது அந்தச் சீட்டு மட்டும் விரலில் தட்டுகிறது.